கேஸ் குறைந்ததுதான் காரணமா?

2025 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏசி கட்டாயம். மொத்த எடை மூன்றரை டன்னைத் தாண்டும் சரக்கு வண்டிகளுக்கு இந்த விதி பொருந்தும். எஞ்சின் சூட்டோடு சூடாக மே மாத வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய வசதி. அந்த ஏசி குளிரவில்லை என்றால் பட்டறையில் முதலில் காதில் விழுவது, “கேஸ் குறைஞ்சிருக்கும், அடிச்சு விட்டுடலாம்.”

டீசலைப்போல ஏசி கேஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றுகிறது. நன்றாகக் குறைந்துவிட்டது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் கசிவதால் அந்த இணைப்பில் பிசுக்கும் அதில் அப்பிய புழுதியும் தெரியும். அதை அடைக்காமல் கேஸ் அடிப்பது பணத்தைக் காற்றில் விடுவதுதான்.

எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு கேஜ் மாட்டினால் லோ சைடு, ஹை சைடு இரண்டு முள்ளும் ஒரே எண்ணில் நிற்கும். ஆர்-134ஏ கேஸுக்கு 30 டிகிரி செல்சியஸில் அது சுமார் 97 பி.எஸ்.ஐ. ‘பிரஷர் இருக்கே’ என்று இதை நம்பிவிடக் கூடாது. உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. கேஸின் அளவு அல்ல. பாதி கேஸ் வெளியேறியிருந்தாலும் முள் அதே 97-ஐக் காட்டும்.

உண்மை தெரிவது ஓடும்போதுதான். லோ சைடில் 30 பி.எஸ்.ஐ. இருந்தால் கேபின் கூலிங் காயிலுக்குள் திரவம் ஏறக்குறைய 1 டிகிரியில் கொதித்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஹை சைடில் 230 இருந்தால் கண்டென்சரில் கேஸ் 60 டிகிரியை ஒட்டித் திரவமாகிறது. வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் அதைவிடச் சூடாக இருப்பதால்தான் வெப்பத்தை வெளியே தள்ள முடிகிறது.

இரண்டு முள்ளும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். லோ ஏறி, ஹை இறங்கியிருந்தால் கம்ப்ரசர் தளர்ந்திருக்கலாம். எவ்வளவு கேஸ் அடித்தாலும் அது சரியாகாது.

லாரிகளில் இன்னொரு தொல்லை உண்டு. ஓடும்போது குளிர்கிறது, டோல்கேட் வரிசையில் நின்றதும் அனல் அடிக்கிறது. அப்போது ஹை சைடு 300-ஐத் தாண்டிப் போகும். கண்டென்சர் மேல் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு முள்ளைக் கவனியுங்கள். அது மளமளவென்று இறங்கி, கேபின் காற்றும் ஜில்லென்று மாறினால் கோளாறு பெரும்பாலும் காற்றோட்டத்தில் இருக்கிறது. கண்டென்சர் தகடுகளுக்கிடையே செத்த பூச்சியும் வைக்கோல் துரும்பும் புழுதியும் அடைத்திருக்கும். இல்லையென்றால் ஃபேன் சரியாகச் சுற்றாது. இந்த நிலையில் கேஸ் அடித்தால் ஹை சைடு இன்னும் ஏறும். பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். முதலில் கழுவ வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

சில வண்டிகளில் அரை மணி நேரம் குளிரும், பிறகு நின்றுவிடும். கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் மீண்டும் குளிரும். குளிர்ச்சி நிற்கும் நேரத்தில் லோ சைடு முள் பூஜ்யத்தை நோக்கிச் சரியும். குழாய்க்குள் புகுந்த ஈரம் எக்ஸ்பேன்ஷன் வால்வின் குறுகிய துளையில் உறைந்து வழியை அடைத்துக்கொள்கிறது. அணைத்ததும் பனி உருகி வழி திறக்கிறது. இதற்கு மருந்து புதிய ட்ரையரும் வேக்கம் பம்பும். அழுத்தத்தை நன்றாக இறக்கினால் சாதாரண வெயில் சூட்டிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகும். பம்பு அதை இழுத்துவிடும். பத்து நிமிடத்தில் வேக்கம் முடிந்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

லீக் பார்க்க நைட்ரஜன் போதும். ஆக்சிஜன் ஏற்றினால் உள்ளே இருக்கும் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும் ஆபத்து உண்டு. பழைய கேஸைத் திறந்து விடவும் கூடாது. புவியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அதை மெஷினால் உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு வண்டி ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ உள்ள கிராம் கணக்கைப் பார்த்து, சிலிண்டரைத் தராசில் வைத்து, அந்த அளவுக்கே ஏற்றச் சொல்லுங்கள்.