5180, ஏதென்ஸ்: மறைந்துபோன ஒரு தமிழ் முகவரி

ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. ஜெலாப்பாங் வட்டாரத்தில், தோட்டத்தில் பிறந்து பிழைப்புக்காக டவுன் பக்கம் வந்த குடும்பங்கள் ஏராளம். அவர்கள் கையில் எஞ்சியிருப்பவை பழைய படங்கள்தாம்: பால் கொட்டகை முன் வாளிகளோடு நிற்கும் பெண்கள், தீமிதி முடிந்து மஞ்சள் வேட்டியோடு வரிசையாக நிற்கும் ஆண்கள், தோட்டப் பள்ளியின் ஆறாம் வகுப்புக் குழுப்படம். பிள்ளைகள் அவற்றை ஸ்கேன் செய்து ஓர் அகப்பக்கத்தில் ஏற்றிவைக்கிறார்கள். கோவில் நிர்வாகங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் இதையே செய்கின்றன. அப்போதெல்லாம் கூட்டத்தில் ஒருவர் கேட்டுவிடுவார்: “அகப்பக்கம் வைக்க இடம் சும்மா கிடைக்கும்போது எதுக்குண்ணே காசு கட்டணும்?”

நியாயமான கேள்விதான். இணையத் தமிழின் வரலாற்றிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம், 1990களில் தமிழ் மின்நூலகம் ஒன்றை இணையத்தில் அமைத்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர். பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களை வரிவரியாகத் தட்டச்சு செய்து, எவரும் இலவசமாகப் படிக்கத் தந்த பெரும்பணி அது. அவருடைய மின்நூலகம் அப்போது குடியிருந்த இடம் ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளம். அங்கே பக்கங்களுக்குப் பேட்டை பெயரும் வீட்டு எண்ணும் கொடுப்பார்கள். சினிமா என்றால் ஹாலிவுட், கல்வியும் இலக்கியமும் என்றால் ஏதென்ஸ். தமிழ் மின்நூலகத்தின் விலாசம் ஏதென்ஸ், 5180.

1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸை 1999இல் யாஹூ ஏறக்குறைய 357 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கிய சில மாதங்களிலேயே விதிமுறைகள் மாறின. பயனர்கள் ஏற்றிய எழுத்தையும் படத்தையும் யாஹூ தன் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பொருள்படும்படி ஒரு விதி அவற்றில் இருந்தது. கடும் எதிர்ப்பு கிளம்பவே நிறுவனம் பின்வாங்கியது. பத்தாண்டு கழித்து, 2009 அக்டோபர் 26 அன்று, ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வக் குழு இரவு பகலாக உழைத்து அதில் ஒரு பெரும் பகுதியைப் படியெடுத்துக் காப்பாற்றியது. ஆனால் விலாசங்களை யாராலும் காப்பாற்ற முடியவில்லை. 5180, ஏதென்ஸ் என்று எத்தனையோ பக்கங்கள் சுட்டிக்கொண்டிருந்த இணைப்பும் அன்றோடு செத்துவிட்டது. நூலகம் தனக்கென்று சொந்தப் பெயர் கொண்ட தளத்துக்குக் குடிபெயர்ந்ததால் பிழைத்தது. மதுரைத் திட்டமும் இன்று தன் சொந்தப் பெயரில்தான் இயங்குகிறது.

பெயருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? இணையத்தில் ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண் உண்டு. நாம் தட்டும் பெயரை அந்த எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ் என்ற ஏற்பாடு. சொந்த டொமைன், அதாவது தளப்பெயர், வைத்திருப்பவர் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் கோப்புகளை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டு, டிஎன்எஸ் பதிவில் அந்த எண்ணை மட்டும் திருத்தினால் போதும். அந்தத் திருத்தம் ஓரிரு நாளில் எல்லா இடங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். வாசகருக்கு வீடு மாறியதே தெரியாது. இலவசத் தளத்தில் பெயரும் நிறுவனத்துடையது, சர்வரும் நிறுவனத்துடையது. தளத்தை மூடும்போது கோப்புகளை மீட்டாலும் பெயரை மீட்க வழியில்லை.

தோட்டப்புறத் தமிழருக்கு இந்த அனுபவம் புதிதல்ல. லயத்து வீட்டுக்கு வாடகை கிடையாது. வேலை இருக்கும்வரை கூரை இருந்தது. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையோடு வீட்டையும் இழந்து வெளியேறியவர்கள் பல்லாயிரம் பேர். அதைக் கண்டுதான் நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் அந்தச் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. இலவசமாகக் கிடைத்த கூரையை நம்பி என்ன ஆனது என்று அந்தத் தலைமுறை பட்டு அறிந்தது. அவர்களுடைய படங்களை அதே மாதிரியான கூரையின் கீழ் கொண்டுபோய் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

காசு கட்டினால் வேறென்ன கிடைக்கிறது? முதலில் வேகம். ஒளியிழைக்குள் செய்தி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஜெலாப்பாங்கிலிருந்து சைபர்ஜெயாவில் இருக்கும் சர்வருக்கு 250 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போய்த் திரும்ப ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டரைப் பங்கு போதும். அமெரிக்க மேற்குக் கரைக்குப் போய்வர ஆயிரத்தில் 140 பங்காவது வேண்டும். ஒரு பக்கம் திறப்பதற்குள் கைப்பேசியும் சர்வரும் அறிமுகம் செய்துகொள்ள, பூட்டுச் சாவி பரிமாற, பக்கத்தைக் கேட்டு வாங்க என்று வழக்கமாகச் செய்தி மூன்று தடவை போய்வரும். தூரத்துச் சர்வர் என்றால் இதற்கே அரை நொடி நெருங்கிவிடும். கட்டண ஹோஸ்டிங்கில் சர்வர் எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நாமே தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்தது நெரிசல். இலவசச் சர்வர் ஒன்றில் எண்ணற்ற தளங்களை அடைத்து, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவுதான் என்று கடிவாளம் போட்டிருப்பார்கள். திருவிழா நாளில் ஊரே திறந்து பார்க்கும் நேரத்தில்தான் வரம்பு முடிந்து பக்கம் முடங்கும். சில சேவைகளில் யாரும் பார்க்காத தளம் தூங்கிவிடும். முதலில் வருபவர் அது கண் விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பல மாதம் யாரும் தொடாத கணக்கை அழித்துவிடும் விதியும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு மட்டும் படம் ஏற்றும் சங்கத்துக்கு அந்த விதி எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை.

பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். 2015இல் 000வெப்ஹோஸ்ட் என்ற இலவச ஹோஸ்டிங் சேவையிலிருந்து 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் விவரங்கள் கசிந்தன. கடவுச்சொற்கள் மறையாக்கம் எதுவும் இல்லாமல் அப்படியே எழுதிவைக்கப்பட்டிருந்தன. கட்டண நிறுவனங்களிலும் கசிவு நடந்திருக்கிறது. ஆனால் காசு கட்டியவருக்குத் தினசரி காப்புப்படி கேட்கவும், பழுது நேர்ந்தால் மனிதக் குரலிடம் முறையிடவும் பெரும்பாலும் வழி உண்டு. இலவச டொமைனும் நிலையானதல்ல. டாட் டிகே போன்ற பெயர்களைச் சும்மா வழங்கிவந்த ஃப்ரீநாம், மெட்டா நிறுவனம் தொடுத்த வழக்குக்குப் பின் 2023இல் புதிய பதிவுகளை நிறுத்தியது. மறு ஆண்டு அந்தத் தொழிலையே விட்டது.

கணினி படிக்கும் மாணவர் பழகிப் பார்க்க, ஒரு வார நிகழ்ச்சிக்கு அறிவிப்புப் போட, இலவசத் தளம் தாராளமாகப் போதும். இழந்தால் வருந்தாத எதையும் அங்கே வைக்கலாம். சிறிய தளத்துக்கு டொமைனும் பகிர்வு ஹோஸ்டிங்கும் சேர்த்து ஆண்டுக்குச் சில நூறு ரிங்கிட்டுக்குள் அடங்கும். பத்து வீட்டார் பகிர்ந்துகொண்டால் யாருக்கும் சுமையில்லை.

காசு கட்டிய தளமும் ஒரு விதத்தில் அழியக்கூடும். டொமைன், சங்கச் செயலாளர் ஒருவரின் சொந்தப் பெயரில் பதிவாகியிருக்கும். அடுத்த தேர்தலில் அவர் விலகிவிடுவார். புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சல்கள் அவருடைய பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். டாட் காம் பெயர் காலாவதியானால் சில வாரச் சலுகைக்குப் பிறகு, கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள் தருவார்கள். அதுவும் தவறினால் பெயர் சந்தைக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பதிவைச் சங்கத்தின் பெயரிலேயே செய்யுங்கள். கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கும் வரவுசெலவில் கோவில் மின்கட்டணத்துக்கு அடுத்த வரியில் ஹோஸ்டிங் கட்டணத்தையும் சேருங்கள். மூலப் படங்களின் பிரதி ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், வேறு ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.