எஃகின் பதம்

கரிசல் நில மக்களின் வாழ்வில் ‘பதம்’ என்னும் சொல்லுக்குத் தனியிடம் உண்டு. மழை பெய்து ஓய்ந்தபின், காலில் ஒட்டும் ஈரம் குறைந்தும் மண் முற்றிலும் இறுகாமலும் இருக்கும் சில நாள்களே உழவுக்குரிய பதம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க்கு வெல்லப்பாகு காய்ச்சுவோர், ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பாகின் பதம் பார்ப்பர். கத்தியும் அரிவாளும் செய்யும் கொல்லர்க்கும் பதமே உயிர்நாடி. எஃகின் பதம் என்பது யாது? அதனைக் கொல்லர் எவ்வாறு அறிகின்றனர்?

இரும்பும் எஃகும்

தூய இரும்பு மென்மையானது. அதனால் செய்த கத்தி விரைவில் மழுங்கிவிடும். இரும்புடன் சிறிதளவு கார்பன் சேரும்போது அது எஃகாகிறது. இன்று ஊர்ப்பட்டறைகள் பலவற்றில் லாரிகளின் பழைய வில்பட்டைகளே கத்திக்கும் அரிவாளுக்கும் மூலப்பொருள்கள். அவற்றில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு கார்பன் உள்ளது. கொல்லர் அப்பட்டையை உலையில் காய்ச்சி, குறட்டால் பற்றி, பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்துக் கத்தியாக வடிப்பார்.

தோய்த்தல்

வடிவம் பெற்ற கத்தியை மீண்டும் உலையிலிட்டுச் சீரான செந்நிறம் வரும்வரை காய்ச்ச வேண்டும். எஃகு சுமார் 770 பாகை செல்சியசில் காந்தத்தால் ஈர்க்கப்படும் இயல்பை இழக்கும். அந்நிலையைக் கடந்து சற்றே கூடுதலாகக் காய்ந்ததும், கத்தியை எடுத்து எண்ணெயில் தோய்ப்பர். நீரில் தோய்த்தால் சிலவகை எஃகு வெடித்துவிடும்.

மிகுந்த வெப்பத்தில் கார்பன் இரும்பினுள் கரைந்து பரவியிருக்கும். மெல்ல ஆறினால் அது பிரிந்து ஒதுங்கிவிடும். திடீரெனக் குளிர்ந்தால் பிரிய நேரமின்றி உள்ளேயே சிறைப்படும். இவ்வாறு உருவாகும் மிகக் கடினமான அமைப்பிற்கு, செருமானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டென்சின் நினைவாக ‘மார்ட்டென்சைட்’ என்று பெயர். அப்போது கத்தியின்மீது அரம் இழுத்தால் அரம் வழுக்கும்.

பதப்படுத்துதல்

கடினமாகிவிட்டதால் கத்தி உறுதியாகிவிட்டது என்று கருதலாகாது. தோய்த்த கத்தி கல்தரையில் விழுந்தால் கண்ணாடிபோல் உடையக்கூடும். எலும்பில் பட்டால் விளிம்பு தெறித்து, அச்சில்லு உணவிலும் கலக்கலாம். எனவே, பெற்ற கடினத்தில் ஒரு பகுதியைக் கத்தி இழந்தாக வேண்டும். அதற்கு ஈடாகவே அது முறியாத தன்மையைப் பெறுகிறது. இச்செயலே பதப்படுத்துதல்.

கத்தியின் ஒரு பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அதன் முதுகைக் காய்ந்த இரும்புக் கட்டியின்மேல் வைப்பர். வெப்பம் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி நகர, நிறங்களும் நகரும். சுமார் 220 பாகையில் வைக்கோல் மஞ்சள், 255இல் பழுப்பு, 280இல் ஊதா, 300இல் நீலம் எனத் தோன்றும். எஃகின் மேற்பரப்பில் படரும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் தடிமனுக்கேற்ப இந்நிறங்கள் மாறுகின்றன. சாலையில் தேங்கிய மழைநீரில் எண்ணெய்ப் படலம் காட்டும் நிறங்களும் இவ்வகையினவே.

காய்கறி நறுக்கும் கத்தியின் விளிம்பு வைக்கோல் மஞ்சளை எட்டியதும் அதனை நீரில் அமிழ்த்தி வெப்பத்தை நிறுத்திவிட வேண்டும். விறகு வெட்டும் அரிவாள் ஓங்கிய வெட்டைத் தாங்க வேண்டியிருப்பதால், அதற்கு ஊதாவோ நீலமோ ஏற்றது. பயனுக்கேற்பப் பதமும் வேறுபடும்.

நிறைவுப் பணிகள்

பதப்படுத்திய கத்தியைச் சாணையில் தீட்டும்போது அடிக்கடி நீரில் நனைக்க வேண்டும். உராய்வின் சூட்டால் விளிம்பு நீலமாக மாறினால், அவ்விடத்தின் கடினம் குறைந்துவிடும். அதுவரை செய்த உழைப்பும் வீணாகும். பின்னர் மரப்பிடி பொருத்தி, அது பிளவாதிருக்கப் பூண் இடுவர். இவ்வகைக் கத்தி எளிதில் துருப்பிடிக்கும். பயன்படுத்தியதும் கழுவித் துடைத்து எண்ணெய் பூசி வைத்தால் நெடுநாள் உழைக்கும். எலுமிச்சை, மாங்காய் முதலியவற்றின் புளிப்பால் படியும் கருமை குறையன்று. அது துருவை ஓரளவு தடுக்கும்.

கண்ணில் வாழும் அறிவு

எஃகு பற்றிய அறிவு தமிழகத்திற்குப் புதிதன்று. நொய்யற்கரைக் கொடுமணலில் இரும்பும் எஃகும் உருவாக்கிய தடயங்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன. மேல்சிறுவளூரில், மண்மூசைகளில் எஃகு உருக்கியதன் எச்சங்கள் காணப்பட்டுள்ளன. மேலைநாட்டார் ‘ஊட்ஸ்’ என வியந்த இந்திய எஃகை ஆராய்ந்து, மைக்கேல் ஃபாரடே 1819இல் கட்டுரை வெளியிட்டார். மின்னியலின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் அவர், ஒரு கொல்லரின் மகன்.

கொல்லர் பலரும் வெப்பமானியைக் கையாண்டவரல்லர். நிறமே அவர்களது அளவுகோல். உலையின் செந்நிறம் தெளிவாகத் தெரிவதற்காகவே பட்டறையை நிழலில் அமைத்தனர். அவர்தம் அறிவு ஏட்டில் எழுதப்படாமல், கண்ணிலும் கையிலும் பயின்று வந்தது. ஆலைக் கத்திகள் மலிந்து, உலைகள் ஒவ்வொன்றாய் அவிந்துவரும் இந்நாளில், கற்பாரின்றி அவ்வறிவு கொல்லரோடு மறையும் நிலையில் உள்ளது. நிறத்தையும் அதற்குரிய வெப்பத்தையும் இணைத்து எழுதிவைக்க இன்றைய மாணவரால் இயலும். உங்கள் ஊரில் பட்டறை இருப்பின், உரியவரின் இசைவு பெற்றுத் தொலைவில் நின்று கவனியுங்கள். அவர் பயன்படுத்தும் சொற்களைக் கேட்டுக் குறித்துவையுங்கள்.