பல்லாயிரம் விழிகள் பார்த்தால் பிழைப்பாகுமா?

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து நாம் வெளியே வந்தபோது, ஆனையூரைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனுடன் கோவில் வாசலில் காத்திருந்தார். "சாமி, இவன் இனிமே காலேஜுக்குப் போகமாட்டானாம். யூடியூபை வச்சே பிழைச்சுக்குவேன்னு சொல்றான். நீங்கதான் புத்தி சொல்லணும்" என்றார். சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது.

மகனுக்கு வயது 19. வணிகவியல் இரண்டாம் ஆண்டு மாணவன். கூடல்நகர் முதல் கோரிப்பாளையம் வரையுள்ள சிற்றுண்டிக் கடைகளைப் படம்பிடித்து யூடியூபில் வெளியிட்டு வந்தான். தவணையில் கேமராவும் வாங்கியிருந்தான். நாம் சற்றும் எண்ணிப் பாராமல், "இதெல்லாம் ஒரு தொழிலா?" என்று கேட்டுவிட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சம்பாதிக்கிறவங்க இருக்காங்களே, ஃபாதர்" என்றான். அவன் மறுமொழியில் உண்மை இருந்தது. நம் கேள்வியிலோ இளக்காரம் மட்டுமே இருந்தது. அடுத்த வாரம் வரும்படி கூறி அனுப்பிவிட்டு, இத்தொழிலைப் பற்றி விசாரித்து அறிய முற்பட்டோம். இதே கேள்வி இன்று பல இல்லங்களில் எழுந்திருப்பதால், அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

இது எத்தகைய தொழில்?

சமூக ஊடகங்களில் தமக்கெனப் பெருங்கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, அக்கூட்டத்தின் விருப்பையும் வாங்கும் பழக்கத்தையும் மாற்றவல்லவரை 'இன்ஃப்ளூயன்சர்' என்று அழைக்கின்றனர். இவர்களுக்கு வருவாய் இரு வழிகளில் வருகின்றது. காணொளியின் இடையே வரும் விளம்பரங்களிலிருந்து கிடைக்கும் பங்கு ஒன்று. பொருள்களை உற்பத்தி செய்வோர் நேரடியாகத் தரும் விளம்பரக் கூலி மற்றொன்று.

விளம்பரப் பங்கினைப் பெற யூடியூப் விதித்துள்ள வரம்பு எளியதன்று. 1,000 சந்தாதாரர்கள் சேரவேண்டும். அத்துடன் 12 மாதங்களில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது குறுங்காணொளிகள் 90 நாள்களில் 1 கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். 4,000 மணி என்பது 2,40,000 நிமிடங்கள். ஒருவர் நான்கு நிமிடம் பார்ப்பதாகக் கொண்டால், 60,000 முறை பார்க்கப்பட்டாக வேண்டும். அதன் பின்னரே முதல் ரூபாய்க்கு வழி திறக்கும். அப்போதும், நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடே படைத்தவரைச் சேரும், எஞ்சியது நிறுவனத்துக்குரியது.

வென்றவர்களும் உண்டு

நம் தமிழகத்திலேயே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த வேளாண் குடும்பத்து இளைஞர்கள், சமையல் தொழிலில் பழகிய தங்கள் தாத்தா பெரியதம்பியுடன் சேர்ந்து 2018-ஆம் ஆண்டில் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்னும் யூடியூப் பக்கத்தைத் தொடங்கினர். வயல்வெளியில் அடுப்பு மூட்டி, பெருமளவில் சமைத்து, அதைப் பலருக்கும் பரிமாறியதே அவர்கள் செய்த பணி. 2021 ஜூலையில் அவர்களுடைய சந்தாதாரர் எண்ணிக்கை 1 கோடியைக் கடந்தது. தமிழ்ப் பக்கங்களுள் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது அதுவே. அவ்வாண்டிலேயே கொரோனா நிவாரணத்துக்கென முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கினர்.

இவர்களது உழைப்பு நேர்மையானது என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும், ஒன்றைக் கருத வேண்டும். அவர்கள் கையில் முன்னரே ஒரு கைத்தொழில் இருந்தது, நிலம் இருந்தது, தோள்கொடுக்கக் குடும்பம் முழுவதும் இருந்தது. கேமரா பின்னர்தான் வந்தது.

மணல்மேல் எழுந்த வீடு

டிக்டாக் செயலியின் கதையை மதுரை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2019 ஏப்ரல் 3 அன்று அச்செயலியின் பதிவிறக்கத்தைத் தடைசெய்யுமாறு உத்தரவிட்டது நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே. ஏப்ரல் 24 அன்று அத்தடை நீங்கியது. ஆயின், 2020 ஜூன் 29 அன்று நடுவண் அரசு 59 செயலிகளைத் தடைசெய்தபோது டிக்டாக்கும் அவற்றுள் ஒன்றாயிற்று. பல ஆண்டு உழைத்துச் சேர்த்த கூட்டம் ஒரே இரவில் கலைந்தது. அதனை நம்பிப் பிழைத்த கூலித் தொழிலாளரும் சிற்றூர்ப் பெண்களும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

கடையை வாடகைக்கு எடுப்பவருக்குக்கூட ஓர் ஒப்பந்தமும் முன்னறிவிப்பும் உண்டு. இங்கோ, காணொளியை யாருக்குக் காட்டுவது என்று நிறுவனத்தின் கணினிதான் முடிவு செய்கின்றது. நேற்று லட்சம் பேர் பார்த்த முகத்தை இன்று ஆயிரம் பேரும் பாராமல் போகலாம். அந்த எண்ணிக்கை குறையும்போது வருவாயோடு இளம் உள்ளமும் சேர்ந்தே சரிவதுதான் நம்மை வருத்துகின்றது. பார்வையைப் பெருக்க எதையும் செய்யலாம் என்னும் மனநிலையும் அங்கேதான் பிறக்கின்றது.

வாய்ச்சொல்லுக்குக் கூலி

இத்தொழிலில் விற்பனையாவது பெரும்பாலும் பார்ப்பவரின் நம்பிக்கையே. ஆகவேதான் அரசும் இதில் கருத்துச் செலுத்தியுள்ளது. பொருளோ பணமோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் பாராட்டுபவர், அதனை வெளிப்படையாகக் கூறவேண்டும் என 2023 ஜனவரியில் நடுவண் நுகர்வோர் நலத்துறை நெறிமுறை வகுத்தது. தவறான விளம்பரத்துக்குத் துணைபோவோருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் உண்டு. மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு விளம்பரம் செய்வதையே தடுக்கும் சட்டமும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

திருச்சபை இத்துறையை வெறுத்து ஒதுக்கவில்லை. 2023 மே மாதத்தில் வத்திக்கான் சமூகத் தொடர்புத் துறை வெளியிட்ட மேய்ப்புப்பணிச் சிந்தனை, பெருங்கூட்டம் சேர்த்தவர் மட்டுமன்றி ஒவ்வொரு கிறிஸ்தவரும் பிறரிடத்தில் தமக்குள்ள செல்வாக்கை உணர்ந்து நடக்கவேண்டும் என நினைவூட்டியது. 2025 செப்டம்பர் 7 அன்று புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட கார்லோ அக்குதிஸ், 2006-இல் தம் 15-ஆம் வயதில் இறந்தவர். பள்ளிப் படிப்பினூடே கற்ற கணினி அறிவைக் கொண்டு நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் ஏற்றினார். தம் முகத்தைக் காட்டுவதற்காக அவர் அதனைச் செய்யவில்லை.

செலவைக் கணக்கிடுங்கள்

ஒரு வாரம் கழித்து அவ்விளைஞன் தனியே வந்தான். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று நம் ஆண்டவர் கேட்டதை நினைவூட்டி, ஒரு தாளை அவனிடம் நீட்டினோம். அவனே எழுதினான்: எட்டு மாத உழைப்பு, 41 காணொளிகள், 640 சந்தாதாரர்கள், கேமராத் தவணை மாதம் 2,400 வீதம் 19,200 ரூபாய், வருவாய் இல்லை. தவணையைத் தாய் தம் தையல் கூலியிலிருந்து கட்டிவந்தார் என்பதை எழுதும்போது அவன் கை சற்றுத் தயங்கியது.

பின்னர், தன் கைப்பேசியில் வந்திருந்த ஒரு செய்தியைக் காட்டினான். சூதாட்டச் செயலி ஒன்றைப் பற்றி ஒரு நிமிடம் பேசினால் 3,000 ரூபாய் தருவதாக யாரோ எழுதியிருந்தனர். ஒரு மாதத் தவணை அதில் தீர்ந்துவிடும். "என்ன பதில் எழுதினாய்?" என்றோம். "எங்க தெருவுல ஒரு அண்ணன் அதுல பணத்தை விட்டுட்டு வீட்டையே அடகு வச்சாரு, ஃபாதர். வேணாம்னு எழுதிட்டேன்" என்றான். அவனைக் குறித்து நமக்கிருந்த அச்சத்தில் பாதி அப்போதே நீங்கியது.

இது தகுதியான தொழிலா என்று கேட்கும் பெற்றோருக்கு நாம் கூறுவது இதுவே. கற்பிக்கத்தக்க அறிவோ, காட்டத்தக்க கைத்தொழிலோ உடையவருக்கு இஃது ஒரு நல்ல கருவி. வேறொன்றும் கையில் இல்லாதவருக்கு இது நிலையற்ற பிழைப்பு. பிள்ளைகளை எள்ளி நகையாட வேண்டாம். நாம் செய்த தவற்றை நீங்களும் செய்யாதீர்கள். அருகில் அமர்ந்து அவர்கள் படைத்ததைப் பாருங்கள், கணக்கைக் கேளுங்கள், கால வரையறை ஒன்றைச் சேர்ந்தே முடிவு செய்யுங்கள். பட்டத்தையோ கைத்தொழிலையோ கைவிடும்படி நேர்ந்தால் மட்டும் உறுதியாக நில்லுங்கள்.

அவ்விளைஞன் மீண்டும் கல்லூரிக்குச் செல்கின்றான். சனி, ஞாயிறுகளில் மட்டும் படம்பிடிக்கின்றான். எஞ்சிய தவணைகளைத் தானே அடைப்பதற்காக, மாலை வேளைகளில் கடையொன்றில் கணக்கு எழுதுகின்றான். சந்தாதாரர் ஆயிரத்தை எட்டவில்லை. சென்ற வாரம் அவன் வெளியிட்ட காணொளியை அவன் தாய் நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். அதில் பணியாரம் சுட்டவர் அவரேதான்.