குட்டி யானையா, பிக்கப்பா? விளைபொருள் ஏற்ற எந்த வண்டி நமக்குச் சரி?

காய்கறி சாகுபடி பயிற்சிகளுக்குப் போகும்போது, உரம், பூச்சி மருந்து பற்றிய கேள்விகள் முடிந்ததும் பெரும்பாலும் இந்தக் கேள்வியும் வரும். "சார், ஜப்பான்ல விவசாயி ஒரு சின்ன வண்டியை வயலுக்குள்ளேயே கொண்டு போறார். அமெரிக்காவுல ஒவ்வொரு விவசாயியும் பெரிய பிக்கப் வச்சிருக்கார். வீடியோவுல பார்க்கிறோம். நாம எதை வாங்கினா கட்டுப்படியாகும்?"

நியாயமான கேள்விதான். நிலத்துக்கும் டிராக்டருக்கும் அடுத்தபடியாக ஒரு விவசாயி போடும் பெரிய முதலீடு வண்டிதான். தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஐந்து வருடம் டியூ கட்டியே விளைச்சல் லாபம் கரைந்துவிடும். ஒவ்வொரு நாட்டிலும் விவசாயிகள் ஏன் ஒவ்வொரு வகை வண்டி ஓட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால், நமக்கு எது பொருந்தும் என்பதும் தெளிவாகிவிடும்.

ஜப்பான்: 350 கிலோ மட்டுமே ஏற்றும் கெய் டிரக்

ஜப்பானில் 'கெய்' என்றொரு வண்டிப் பிரிவு 1949 முதல் இருக்கிறது. இதற்கு அரசு வைத்திருக்கும் அளவுகள்: நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், என்ஜின் 660 சி.சி. இவற்றில் எதையும் தாண்டக்கூடாது. கெய் டிரக்கில் ஏற்றும் சுமையும் 350 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இந்த அளவுக்குள் இருக்கும் வண்டிக்கு வரி குறைவு. சொந்த உபயோகத்துக்கான கெய் வண்டிக்கு மஞ்சள் நம்பர் பலகை. நம் ஊரில் மஞ்சள் போர்டு என்றால் வாடகை வண்டி; அங்கே அது சின்ன வண்டிக்கான அடையாளம்.

ஜப்பானிய விவசாயிகளின் நிலங்களில் பெரும்பாலானவை சிறியவை, வரப்புப் பாதைகளும் குறுகலானவை. அந்தப் பாதையில் கெய் டிரக் எளிதாக நுழையும். மூன்று பக்கமும் திறக்கும் தாழ்வான தளம் இருப்பதால் பெட்டிகளை ஏற்றி இறக்க இடுப்பு வலிக்காது. சில நிறுவனங்கள் விவசாயத்துக்கென்றே நான்கு சக்கர இயக்கமும், சேற்றில் சிக்கினால் வெளியே வர உதவும் டிஃபரென்ஷியல் லாக்கும் உள்ள மாடல்களை விற்கின்றன. விளைபொருள் அதிக தூரம் போக வேண்டியதில்லை. அருகிலுள்ள கூட்டுறவுச் சங்கத்தின் சேகரிப்பு மையம் வரை கொண்டு சேர்த்தால் போதும். அங்கிருந்து பெரிய லாரிகள் எடுத்துச் செல்லும். 350 கிலோ வண்டி அவர்களுக்குப் போதுமானதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அமெரிக்கா: கோழிச் சண்டையில் வளர்ந்த பிக்கப்

அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக அதிகம் விற்பனையாகும் வண்டி, கார் அல்ல. ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசை பிக்கப். இதற்குப் பின்னால் ஒரு கோழிக் கதை இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பிராய்லர் கோழி மலிவு விலையில் ஐரோப்பாவில் குவிந்தது. தங்கள் பண்ணையாளர்களைக் காக்க, 1962-ல் ஐரோப்பிய நாடுகள் அதன்மேல் வரியை ஏற்றின. பதிலடியாக அமெரிக்கா, இறக்குமதியாகும் உருளைக்கிழங்கு மாவுச்சத்து, பிராந்தி உள்ளிட்ட சில பொருள்களோடு சிறிய சரக்கு வண்டிகளுக்கும் 25 சதவீத வரி போட்டது. இது 1964-ல் நடைமுறைக்கு வந்தது. மற்ற பொருள்களுக்கான வரி பிற்பாடு நீங்கியது. சரக்கு வண்டிக்கான வரி மட்டும் அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கிறது. அந்த ஊரில் இதன் பெயரே 'கோழி வரி'தான். வெளிநாட்டுச் சிறிய பிக்கப்புகள் மலிவாக நுழைய முடியாமல் போனதால், உள்நாட்டு நிறுவனங்களின் பெரிய பிக்கப்புகளுக்குப் போட்டி குறைந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க விவசாயி தன் விளைச்சலைப் பிக்கப்பில் ஏற்றிச் சந்தைக்குப் போவதில்லை. அங்கே ஒரு பண்ணையின் சராசரி அளவு 2022 கணக்கெடுப்பின்படி 463 ஏக்கர். மக்காச்சோளமும் சோயாவும் பெரிய லாரிகளில் போகின்றன. பிக்கப்பின் வேலை கருவிகள், தீவனம், டீசல் கேன் கொண்டு போவதும், கால்நடை டிரெய்லரை இழுப்பதும்தான். வீடியோவில் தெரியும் பெரிய வண்டி அவருக்கு விளைபொருள் வண்டி அல்ல. இப்போது அங்கேயே சில விவசாயிகள் 25 ஆண்டு பழைய ஜப்பான் கெய் டிரக்குகளை இறக்குமதி செய்து பண்ணைக்குள் ஓட்டுகிறார்கள். பழைய வண்டிக்குத்தான் இறக்குமதி விதியில் விலக்கு இருக்கிறது.

தாய்லாந்து: ஒரே வண்டியில் குடும்பமும் சரக்கும்

தாய்லாந்தில் சாலையெங்கும் ஒரு டன் பிக்கப்புகள்தான். அரசு பல ஆண்டுகளாகக் காரைவிடப் பிக்கப்புக்குக் குறைந்த வரி விதித்ததால், கிராமத்துக் குடும்பங்கள் காருக்குப் பதில் பிக்கப் வாங்கின. ஒரே வண்டியில் பள்ளிக்கும் சந்தைக்கும் போக முடிந்தது. அந்த வகை வண்டிகள் நம் நாட்டிலும் கிடைக்கின்றன. ஆனால் இங்கே அவற்றின் விலை அதிகம். அங்கே சாதாரண விவசாயி வாங்கும் வண்டி இங்கே வசதி படைத்தவர் வாங்கும் வண்டியாகிவிட்டது.

நம் ஊர்: டி.வி.எஸ். 50 முதல் குட்டி யானை வரை

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியிடம் இருக்கும் சராசரி நிலம் 2015-16 கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நம் வண்டிகளும் அந்த அளவுக்கேற்பவே வளர்ந்தன. ஓசூரில் 1980-ல் தொடங்கிய டி.வி.எஸ். மொபெட்டின் முன்பக்கம் ஒரு மூட்டை, பின்பக்கம் ஒரு மூட்டை, நடுவில் விவசாயி என்ற காட்சியை இன்றும் எந்த உழவர் சந்தை வாசலிலும் பார்க்கலாம்.

மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் லாரிக்கும் நடுவே இருந்த இடத்தை 2005 மே மாதம் வந்த டாடா ஏஸ் நிரப்பியது. 700 சி.சி. டீசல் என்ஜின், இரண்டு சிலிண்டர், சுமார் 750 கிலோ சுமை. நம் மக்கள் அதற்கு 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். பின்னால் வேறு நிறுவனங்களின் சிறு சரக்கு வண்டிகள் வந்தபோதும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. இதன் சுமை 1,250 கிலோ அளவு. அதற்கு மேல் மஹிந்திரா பொலிரோ பிக்கப் போன்றவை 1.3 டன் முதல் ஏற்றுகின்றன.

ஒரே பெயர் நாட்டுக்கு நாடு எப்படி மாறுகிறது என்பதற்கு சுசுகி கேரி நல்ல உதாரணம். ஜப்பானில் கேரி என்றால் 660 சி.சி., 350 கிலோ. இந்தியாவில் 2016 முதல் விற்கும் சூப்பர் கேரியின் பெட்ரோல் மாடல் சுமார் 1,200 சி.சி., சுமை ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் விவசாயி 30, 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மார்க்கெட்டுக்கு நேரடியாகப் போக வேண்டியிருப்பதால் சின்னக் கெய் வண்டி இங்கே போதாது.

சொந்த வண்டி கட்டுப்படியாகுமா? ஒரு மாதிரிக் கணக்கு

கீழே உள்ளவை மாதிரி எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள்.

• வண்டி விலை 6 லட்சம். முன்பணம் 1 லட்சம், கடன் 5 லட்சம். 11 சதவீத வட்டி, 5 ஆண்டு என்றால் மாத டியூ சுமார் 10,870 ரூபாய். ஆண்டுக்கு சுமார் 1,30,000.
• இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. சேர்த்து ஆண்டுக்கு 30,000.
• டயர், சர்வீஸ் 20,000.
• ஆக, வண்டி நின்றாலும் ஓடினாலும் ஆண்டுச் செலவு 1,80,000.

மார்க்கெட் 25 கிலோமீட்டர் தூரம் என்றால் போய் வர 50 கிலோமீட்டர். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு நடைக்கு டீசல் சுமார் 260 ரூபாய். அதே நடைக்கு வாடகை வண்டி 1,200 ரூபாய் கேட்கிறது என்றால், சொந்த வண்டியில் மிச்சம் 940 ரூபாய். 1,80,000-ஐ 940-ஆல் வகுத்தால் சுமார் 190. அதாவது ஆண்டுக்கு 190 நடை ஓடினால்தான் முதலுக்கு மோசமில்லை. இதில் ஓட்டுபவரின் கூலியைச் சேர்க்கவில்லை.

இரண்டு ஏக்கர் தக்காளியில் வாரம் மூன்று அறுவடை, நான்கு மாதம் என்றால் 50 நடைதான் வரும். மீதி 140 நடைக்கு என்ன செய்வது? அக்கம்பக்கத்து விவசாயிகளின் சரக்கை ஏற்றி வாடகை வாங்க ஆளும் நேரமும் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் வாடகை வண்டியே லாபம்.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி, ஒரு வருடம் தக்காளிக்கு நல்ல விலை கிடைத்த உற்சாகத்தில் 1.5 டன் வண்டி எடுத்தார். அடுத்த வருடம் விலை விழுந்தது. டியூ மட்டும் விழவில்லை. பாதி லோடோடு ஓட்டிப் பார்த்து, மூன்றாம் வருடம் நஷ்டத்துக்கு விற்றார். அவர் ஓட்டிய வண்டியில் எந்தக் குறையும் இல்லை. ஒரு நல்ல வருடத்தை வைத்து ஐந்து வருடக் கணக்குப் போட்டதுதான் தவறு.

ஐந்தாறு பேர் சேர்ந்து, அல்லது உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் ஒரு வண்டி வைத்துக்கொண்டால் 190 நடை பெரிய எண்ணிக்கை அல்ல. யார் எந்த நாள் என்பதையும், டீசல், பழுதுச் செலவுப் பங்கையும் முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

சுமையைக் கணக்கிடுவது எப்படி?

ஆர்.சி.-யில் மொத்த எடை, வெற்று எடை என இரண்டு எண்கள் இருக்கும். மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. வண்டியில் ஏறும் ஆட்களின் எடையும் அதற்குள் அடங்கும்.

750 கிலோ சுமை என்றால் 25 கிலோ தக்காளிப் பெட்டி 30 ஏற்றலாம் என்று தோன்றும். காலிப் பெட்டியின் எடையையும் சேர்த்தால் 27, 28 பெட்டிதான். வெங்காயம், மரவள்ளி, தேங்காய் ஏற்றினால் இடம் மீதி இருக்கும்போதே எடை நிறைந்துவிடும். கீரை, முருங்கை, பூ என்றால் எடை இருக்கும்போதே இடம் நிறைந்துவிடும். எனவே கனமான பொருள் விளைவிப்பவர் சுமைத் திறனையும், லேசான பொருள் விளைவிப்பவர் தளத்தின் நீளத்தையும் பார்த்து வாங்க வேண்டும்.

கூடுதலாக ஸ்பிரிங் பட்டை போட்டால் அதிகம் ஏற்றலாம் என்பார்கள். பட்டை வண்டியைத் தூக்கி நிறுத்தும், பிரேக்கைப் பலப்படுத்தாது. இறக்கத்தில் இதன் விளைவு தெரியும். 2019 சட்டத் திருத்தப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிகப்படி சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

• மஞ்சள் போர்டு: குட்டி யானை போன்ற சரக்கு வண்டிகள் சொந்தச் சரக்கு ஏற்றினாலும் போக்குவரத்து வண்டியாகவே பதிவாகும். முதல் 8 ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும்.
• பெர்மிட்: மொத்த எடை 3,000 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. அதைத் தாண்டினால் தேவை.
• லைசென்ஸ்: இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.
• வரி: 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. விலைப் பட்டியலில் அது சரியாகக் கழிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.
• பழைய வண்டி: கடன் முடிந்ததற்கான தடையில்லாச் சான்று, நிலுவை அபராதம், எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதி பார்த்த பிறகே பணம் கொடுங்கள். உங்கள் வண்டியை விற்றாலும் பெயர் மாற்றம் முடிந்ததா என்று உறுதிசெய்யுங்கள். ஆர்.சி.-யில் உங்கள் பெயர் இருக்கும்வரை விபத்துப் பொறுப்பும் உங்களுடையதே.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. களை எடுக்கவும் அறுவடைக்கும் போகும் பெண்களைச் சரக்கு வண்டியின் பின்னால் ஏற்றிச் செல்வது நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. சட்டப்படி அது தவறு. விபத்து நேர்ந்தால் அவர்களுக்கு இழப்பீடு தர முடியாது என்று இன்சூரன்ஸ் நிறுவனம் சொல்லிவிடலாம். அந்தத் தொகை வண்டி உரிமையாளர் தலையில் விழும். ஒரு குடும்பத்தின் உயிர் ஒரு பக்கம், இன்னொரு குடும்பத்தின் நிலம் ஒரு பக்கம் போகும். ஆட்களுக்கு ஆட்டோவோ வேனோ தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். விவசாயத்துக்கெனப் பதிவு செய்த டிராக்டர் டிரெய்லரில் வாடகைக்குச் செங்கல், மணல் ஏற்றினாலும் இதே சிக்கல் வரும்.

ஜப்பான் விவசாயி வரப்புக்கும், அமெரிக்க விவசாயி தன் பண்ணை அளவுக்கும் ஏற்ற வண்டி வைத்திருக்கிறார்கள். நாமும் நம் ஏக்கருக்கும் நம் மார்க்கெட் தூரத்துக்கும் ஏற்றதைத்தான் பார்க்க வேண்டும். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். ஷோரூமுக்குப் போகும் முன், கடந்த ஆண்டு நீங்கள் எத்தனை நடை சரக்கு அனுப்பினீர்கள், அதற்கு எவ்வளவு வாடகை கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பதை அந்த ஒரு பக்கமே சொல்லிவிடும்.