இனிக்கும் நஞ்சும் பழைய டிரக்கும்

உறைபனி விழும் நாடுகளில் பழைய வண்டி வைத்திருப்போரை அச்சுறுத்தும் ஒரு மணம் உண்டு. அது பெட்ரோல் நெடியன்று. எண்ணெய் கருகும் நாற்றமுமன்று. சர்க்கரைப் பாகு காய்ச்சினாற் போன்ற இனிய மணம். குளிர்காலக் காலையொன்றில் வெப்பக் காற்றுக்கான விசையைத் திருப்பியவுடன் இம்மணம் முகத்தில் வந்து மோதுமாயின், டேஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஹீட்டர் கோர் கசியத் தொடங்கிவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

ஹீட்டர் கோர் என்றால் என்ன? எஞ்சினின் சூட்டை எவ்வாறு வெளியே தள்ளுவது என்பதே நம் ஊர் ஓட்டுநர்களின் கவலை. கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலுமோ, பூஜ்யத்துக்குக் கீழ் 20, 30 பாகை வரை குளிர் இறங்கும் நாள்களில், அந்தச் சூடே அருமருந்து. ஏறத்தாழ 90 பாகைச் சூட்டில் எஞ்சினைச் சுற்றிவரும் குளிர்விப்பு நீரில் ஒரு பகுதியை, இரண்டு ரப்பர் குழாய்கள் ஓட்டுநர் அறைக்குள் கொண்டுவருகின்றன. அங்கே நம் கைக்குள் அடங்கத்தக்க குட்டி ரேடியேட்டர் ஒன்று இருக்கிறது. அதனூடே விசிறி காற்றைச் செலுத்த, காற்று சூடேறி உள்ளே வருகிறது. அந்தக் குட்டி ரேடியேட்டரே ஹீட்டர் கோர்.

அது கசிந்தால் குளிர் மட்டுமே துன்பம் என்று எண்ணிவிடலாகாது. கசியும் நீர் ஆவியாகி முன்கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலம்போல் படிகிறது. துடைத்தால் போவதில்லை, இழுபட்டு மேலும் மங்குகிறது. எதிரே வரும் வண்டியின் விளக்கொளி அதிற் பட்டுச் சிதறும்போது ஓட்டுபவருக்குச் சாலையே தெரியாது.

அதனினும் கொடியது அந்த நீரில் கலந்துள்ள எத்திலீன் கிளைக்கால். தனியே இருப்பின் அது பூஜ்யத்துக்குக் கீழ் 13 பாகையிலேயே உறைந்துவிடும்; தண்ணீருடன் சரிபாதி கலந்தால் 37 பாகை வரை உறையாமல் தாங்கும். விந்தையான பொருள்தான். ஆனால் அது தித்திக்கும் நஞ்சு. ஒரு தேக்கரண்டி அளவே பூனையொன்றைக் கொல்லப் போதும். தவறிக் குடித்த குழந்தை முதலில் மது அருந்தியவர்போல் தள்ளாடும். பின்னர்ச் சற்றுத் தெளிந்தது போலவும் தோன்றலாம். அதற்குள் கல்லீரல் அதனை அமிலங்களாக மாற்ற, சிறுநீரகங்களில் நுண்ணிய படிகங்கள் தேங்கி அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. தெளிவைக் கண்டு காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஃபோமெபிசோல் என்னும் மாற்று மருந்துக்கு அமெரிக்க அரசு 1997-இல் ஒப்புதல் அளித்தது. அதற்கு முன் மருத்துவர்கள் தூய சாராயத்தையே அளவோடு செலுத்தி வந்தனர். சாராயம் உயிர் காக்கும் அரிய இடங்களுள் இதுவும் ஒன்று! அங்குள்ள உற்பத்தியாளர்கள் 2012-இல் தாமாக முன்வந்து, நுகர்வோருக்கு விற்கும் இந்நீரில் கசப்புப் பொருளைச் சேர்க்க இசைந்தனர். கசப்பு நாவை எச்சரிக்குமேயன்றி நஞ்சை முறிக்காது.

கசிவைக் கண்டவர்களுக்குக் குறுக்குவழிகள் இரண்டு எப்போதும் கண்ணில் படும். ஓட்டையை அடைக்கும் பொடியை ரேடியேட்டரில் கொட்டுவது ஒன்று. அப்பொடிக்கு ஓட்டை எது, நல்ல வழி எது என்று தெரியாது. கோரின் நுண்குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடக்கூடும். மற்றொன்று, உள்ளே செல்லும் இரு குழாய்களையும் வெளியிலேயே ஒன்றோடொன்று இணைத்துவிடுவது. கசிவு நிற்கும், எஞ்சினும் ஓடும். ஆனால் கண்ணாடிப் பனியை விரட்டும் வெப்பக் காற்று இராது. கோடையில் சில வாரம் தள்ளலாம். பனிக்காலத்தில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இவ்வாறு செல்வது ஆபத்தை விலைக்கு வாங்குவதேயாகும்.

கோரின் விலை சொற்பம்; அதை மாற்றும் கூலியே பெரிது. பல கார்களில் டேஷ்போர்டு முழுவதையும் கழற்றினாலன்றிக் கை எட்டாது. இவ்வகையில் 1980 முதல் 1996 வரை வெளிவந்த ஃபோர்டு எஃப்-150 முதலிய டிரக்குகளை வடித்தவர்கள் இரக்கமுள்ளவர்கள் என்றே சொல்ல வேண்டும். அங்கே பயணியின் இடம் வலப்புறம். அவர் முழங்காலுக்கு எதிரேயுள்ள சிறு பொருட்பெட்டியை எடுத்துவிட்டால் பின்னால் ஒரு மூடி தெரியும். அதன் திருகுகளைக் கழற்றினால் கோரை அப்படியே வெளியே இழுத்துவிடலாம். பொறுமையுள்ளவர் அரைநாளில் முடிக்கக்கூடிய வேலை.

தொடங்குமுன் நோயை உறுதி செய்துகொள்ளல் நலம். காலடிக் கம்பளம் நனைந்திருந்தால் அது மழைநீராகவும் இருக்கலாம். விரலில் வழுவழுப்பும் இனிய மணமும் இருந்தால்தான் குற்றவாளி கோர். அப்போதும் குழாய்ப் பிடிகள் இறுக்கமாயுள்ளனவா என்று பார்த்துவிட வேண்டும். எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். நீரை வடித்தபின் குழாய்களைக் கழற்றுகையில்தான் பலர் தடுமாறுகின்றனர். பல ஆண்டுகள் ஒட்டிப்போன ரப்பரை முறுக்கி இழுத்தால் கோரின் மெல்லிய முனை வளைந்து, எஞ்சிய நீரும் உள்ளே கொட்டும். கத்தியால் ரப்பரை நீளவாக்கில் கீறி உரிப்பதே முறை. புதுக் குழாய்க்கு ஆகும் செலவு அற்பம். உள்ளே தேங்கிய நீரைக் காற்றடிக்கும் கருவியால் வெளியேற்றுக. வாயால் ஊதவே கூடாது.

பழைய கோர் ஏன் அரித்துப்போனது என்பதையும் காண வேண்டும். அரிப்பைத் தடுக்கும் சேர்மங்கள் சில ஆண்டுகளில் தீர்ந்துபோகின்றன. பிறகும் நீரை மாற்றாதிருந்தால் உலோகம் தின்னப்படுகிறது. எஞ்சினின் தரையிணைப்புக் கம்பி பழுதாயிருந்தால் மின்சாரம் குளிர்விப்பு நீர் வழியே பாய்ந்தும் அரிக்கும். வோல்ட்மீட்டரின் ஒரு முனையை அந்நீரிலும் மறுமுனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்துப் பார்க்கையில் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சந்தேகிக்க வேண்டும் என்பது பழகிய மெக்கானிக்குகளின் கணக்கு. இதைச் சரிசெய்யாமல் பொருத்தும் புதுக் கோரும் விரைவில் அதே கதிக்கு ஆளாகும்.

புதியதைப் பழையதோடு ஒப்பிட்டு, பெட்டிக்குள் சேர்ந்த சருகுகளை நீக்கி, சுற்றிலும் பஞ்சுப்பட்டை ஒட்டிப் பொருத்துக. புதுநீர் ஊற்றி, வெப்ப விசையை முழுவதும் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டால், அடைபட்ட காற்று குமிழிகளாய் வெளியேறும். குறைந்த அளவை நிரப்பிக்கொள்ளலாம். வடித்த நீரைத் தரையிலோ சாக்கடையிலோ கொட்டலாகாது. பழைய பானப் புட்டிகளில் ஒருபோதும் ஊற்றிவைக்கலாகாது. பெயரெழுதிய மூடிய தகரத்தில் அடைத்து, நஞ்சுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். கம்பளத்தையும் அதன் அடியிலுள்ள பஞ்சு மெத்தையையும் வெளியே எடுத்துப் பலமுறை நீரில் அலசி உலர்த்த வேண்டும். குளிர்நாட்டில் அது உலர நாலைந்து நாள் பிடிக்கும். அதுவரை குழந்தைகளையும் நாயையும் அதனருகே விடாதிருப்பது நல்லது.