உங்களுக்குத் தெரியுமா? பேய்க்கும் நேரடி டப்பிங்!
1950, 60-களில் தாய்லாந்துப் படங்கள் பெரும்பாலும் 16 மி.மீ. பிலிமில், ஒலியே இல்லாமல் எடுக்கப்பட்டன. தியேட்டரில் மைக் முன் உட்கார்ந்த ஓரிரு குரல் கலைஞர்களே நாயகன், நாயகி, பேய் என எல்லோருக்கும் நேரடியாகப் பேசுவார்கள். ஊருக்கு ஊர் பேயின் குரலே மாறும்!

1959-இல் வந்த ‘மே நாக் பிரா கனோங்’ அக்காலத்துப் புகழ்பெற்ற படம். பிரசவத்தில் இறந்தும் கணவனோடு குடித்தனம் நடத்தும் நாக் என்ற பெண்ணின் நாட்டுப்புறக் கதை அது. உயரமான மரவீட்டின் பலகை இடுக்கில் எலுமிச்சை நழுவி விழ, அதை எடுக்க அவள் கை தரைவரை நீளும், கணவன் பார்த்துவிடுவான். எந்த கிராஃபிக்ஸும் இதற்கு ஈடாகாது.

பாங்காக்கின் வாட் மஹாபுட் கோயிலில் இன்றும் நாக்குக்குச் சன்னதி உண்டு. பக்தர்கள் அவளுக்கு உடைகளும் அவள் குழந்தைக்குப் பொம்மைகளும் படைக்கிறார்கள்.