இரசாயனவியலாளர் கழகமும் ஆய்கூடத்தின் வாயிலும்

ஒரு தொழிலைச் செய்வோர் தம்முட் கூடிக் குழு அமைத்தல் தொன்றுதொட்ட வழக்கமாகும். ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரின் கல்வெட்டுக்கள் ஈழத்திலும் உள. இரசாயனவியலைப் பயில்வோருக்கும் அத்தகைய கூட்டங்கள் பல தோன்றின. 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக மாணவர் தொடங்கிய 'அல்பா கை சிக்மா' என்னும் சகோதரக் குழு அவற்றுள் ஒன்று. மாணவரும் தொழில்புரிவோரும் ஒருங்கே அதில் அங்கத்தவராயினர். 1970 வரை பெண்களுக்கு அங்கு இடமில்லாதிருந்தமை அதன் பெருமைக்கு ஏற்றதன்று.

இலங்கையில் இரசாயனச் சங்கம் 1941இல் உருவாயிற்று. இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்ததோ 1942இல். கலாசாலைக்குச் சங்கம் ஓராண்டு மூத்தது! அச்சங்கத்தின் வழித்தோன்றலே 1971இல் அமைந்த இலங்கை இரசாயனவியல் நிறுவகம். 1972இல் அது பாராளுமன்றச் சட்டத்தால் நிலைபெற்றது.

இந்நிறுவகம் ஆற்றிய பணிகளுள் தலையாயது யாதெனின், 1979இல் இரசாயனவியற் பட்டதாரித் தகைமைக்கான வகுப்புக்களைத் தொடங்கியதேயாம். இதன் அருமையை வெளிவாரியாகக் கற்றோர் நன்குணர்வர். தமிழையோ வரலாற்றையோ வீட்டுத் திண்ணையிலிருந்து கற்றுப் பட்டம் பெறலாம். நூல்களும் விடாமுயற்சியும் போதும். இரசாயனவியலை அவ்வாறு கற்றல் இயலாது. ஆய்கூடத்தின் வாயில் மூடியிருக்குமாயின், எத்துணை நூல்களைக் கற்றாலும் கை பழகாது. உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்தும் பல்கலைக்கழக அனுமதி கிட்டாதோருக்கும், தொழிலில் அமர்ந்துவிட்டோருக்கும் அவ்வாயிலைத் திறந்தது தொழிலாளர் கழகமொன்று; அரசாங்கமன்று.

கை பழகுதல் என்பது யாது? பாலமுனை போன்ற கரையோர ஊரை எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அம்பாறைக் கரையோரத்துக் கிணறுகளில் உவர்நீரைப் புகுத்திற்று. நீர் உவர்க்கின்றதென நாவே சொல்லும். எவ்வளவு உவர்ப்பு என்பதை நாச் சொல்லாது. அளந்தெடுத்த கிணற்று நீரில் பொற்றாசியங் குரோமேற்றுச் சில துளிகளை இட்டால் அது மஞ்சளாகும். பின்னர் அளவியிலிருந்து வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடல் வேண்டும். முதலில் வெள்ளிக் குளோரைட்டு வெண்ணிறமாக வீழ்படியும். குளோரைட்டு முற்றும் படிந்தபின் விழும் அடுத்த துளியில் செங்கபில நிறம் மெல்லத் தலைகாட்டும். செலவான கரைசலின் கனவளவே உப்பின் அளவைக் கூறும். செங்கபிலம் நிலைத்ததா, கலக்க மறைந்ததா என்று காண்பது கண்ணின் பழக்கம். குழாயைத் தக்க கணத்தில் மூடுவது விரலின் பழக்கம். இரு துளி மிகுந்தால் விடை பிழைக்கும். நல்ல கிணறும் கெட்டதெனப்படும். இவ்விரண்டும் அஞ்சலில் வருவனவல்ல.

பட்டய இரசாயனவியலாளர் என்ற தகுதியையும் நிறுவகம் வழங்குகின்றது. ஓர் ஆய்வறிக்கையின் அடியில் இடப்படும் கையொப்பத்துக்கு அப்பெயர் தரும் மதிப்புச் சிறிதன்று.

எனினும் ஒரு குறை உண்டு. வகுப்புக்கள் நடைபெறுவது கொழும்பையடுத்த இராஜகிரியவில். பாலமுனையிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் மேல். கட்டணத்துக்கு மேலாகத் தங்குமிடச் செலவும் சேர்கின்றது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே உளது; காலையிற் சென்று மாலையில் மீளலாம். ஆயின் வெட்டுப்புள்ளியைச் சிறு பின்னத்தால் தவறவிட்டவனுக்கு அவ்வாயில் அடைபட்டதே. அவனுக்குரிய ஆய்கூடம் இன்றும் மேற்குக் கரையிலேதான் இருக்கின்றது.